11-ம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வளவில் எல்லா வீட்டு அடுக்களையிலிருந்தும் ஒரே வாசம்தான் வரும். பச்சரிசியைக் களைந்து ஊறப்போட்டு, வடித்து, பழைய வேட்டியை விரித்து நிழலில் காயப்போட்டிருக்கிற வாசம். அந்த ஈர அரிசியில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடுவோம். "ஏல, பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்" என்று தார்சாவிலிருந்து ஆச்சியின் குரல் பின்னாலேயே வரும். மழை எங்கள் கல்யாணம் வரைக்கும் காத்திருக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின பத்து நாளில் தவறாமல் வந்துவிடும். அங்கணத்தில் தண்ணீர் கட்டும், புறவாசல் விறகு நனையும், நனைந்த விறகின் புகை பட்டாசலைத் தாண்டிப்போய் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கிற அப்பாவின் கண்ணாடியில் படியும். நானும் தங்கச்சியும் ஓலை வெடி, குருவி வெடி, சாட்டை எல்லாவற்றையும் ஒரு சொளவில் பரப்பி, அடுப்பின் சூடு எட்டுகிற, ஆனால் நெருப்பு எட்டாத ஓர் இடத்தைத் தேடி வீடெல்லாம் அலைவோம். அப்படி ஓர் இடம் எந்த வீட்டிலும் கிடையாது என்பது இப்போது புரிகிறது. அந்த வயதில், பெரியவர்கள் வேண்டுமென்றே அதை ஒளித்துவைத்திருப்பதாகத்தான் நினைத்தோம்.

திருநெல்வேலி டவுனில் ரதவீதியை ஒட்டின சந்து ஒன்றில் இருந்தது அந்த வளவு. எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எங்களுக்குத் தீபாவளி என்பது ஒரு விடியற்காலை. அம்மாவுக்கு அது பதினைந்து நாள் வேலை. மச்சில் ஒட்டடை அடிக்கணும், பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கணும், முறுக்குக்கு மாவு திரிக்க ஆள் அனுப்பணும், ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா என்று ஒருநாள் விட்டு ஒருநாள் எங்களை விரட்டிப் பார்க்கணும், எண்ணெய் தேய்த்துக் குளிக்க சீயக்காய் அரைத்து வைக்கணும், லேகியத்துக்குச் சுக்கும் கண்டதிப்பிலியும் இடிக்கணும். அப்பா வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பண்டிகை முன்பணம் கொடுப்பார்கள். அதைப் பத்து மாதத் தவணையாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணம் வீட்டுக்குள் வந்த சாயங்காலமே ஜவுளிக்கடைக்கும் மளிகைக்கடைக்குமாகப் பிரிந்து போய்விடும். இதற்கு நடுவில் ஆச்சி, தார்சாவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "எங்க மாமியா வீட்டுல நூறு முறுக்குச் சுத்தினா நூறும் ஒண்ணு போல இருக்கும்" என்று பொதுவாக, யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அம்மா சத்தம் போடுகிறவள் இல்லை. அவளுடைய கோபம் பாத்திரத்தின் வழியாகத்தான் வரும். டம்ளரை வைக்கிற சத்தம், கண்ணாப்பையை எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் தட்டுகிற சத்தம், அரங்கு வீட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அந்தச் சத்தங்கள் அத்துப்படி. அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கையில் தூத்துக்குடி மாமா வருவார். அம்மாவின் தம்பி. கப்பல் ஏஜென்ஸி ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. ஒல்லியாக, எப்போதும் ஒரு பக்கம் சரிந்த தோளோடு, தோளில் ஒரு மஞ்சப் பையும் கையில் பனை நார்ப்பெட்டியுமாக நடையில் நுழைவார். பெட்டிக்குள் எங்களுக்கு மக்ரூன் இருக்கும். தூத்துக்குடி மக்ரூன் என்றால் முந்திரிப் பருப்புப் பொடியும் சீனியும் முட்டை வெள்ளையும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீடோ சுத்த சைவம். முட்டை ஓடு தெருவில் கிடந்தால்கூட ஆச்சி வாசலில் இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவாள். அதனால் மக்ரூனுக்கு மாமா வைத்த பேர் 'கடல் நுரை'. "கடல் நுரை கொண்டாந்திருக்கேன், மச்சுல வச்சுத் தின்னுங்க" என்பார். வாயில் போட்டால் நிஜமாகவே நுரைபோலக் கரைந்து காணாமல் போகும். ஒரு வருஷம் தங்கச்சி, இரக்கப்பட்டு, ஆச்சியிடம் ஒன்றை நீட்டிவிட்டாள். ஆச்சி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு வேண்டாம்ட்டீ. அது கோழி மேஞ்ச கடலாக்கும்." அதோடு சரி. அம்மாவிடமும் கேட்கவில்லை, மாமாவிடமும் கேட்கவில்லை. எத்தனை வருஷமாக அவளுக்குத் தெரிந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது.

மாமாவுக்கு ரேடியோ பைத்தியம். காலையில் டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணஸ்வாமி செய்தி வாசிக்கிற நேரத்தில் அவர் பல் தேய்க்கக்கூட மாட்டார். வேப்பங்குச்சி வாயில் அப்படியே நிற்கும். செய்தி முடிந்ததும் அதே கம்பீரக் குரலை வரவழைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நிற்பார். "ஆகாசவாணி. அடுக்களைச் செய்திகள். நேற்றிரவு நடந்த முறுக்கு மோதலில் பதினாலு பேர் உடைந்தனர். உடைந்தவர்கள் அனைவரும் குழந்தைகளின் வயிற்றில் அனுமதிக்கப்பட்டுள்ளனர். பண்டிகை முன்பணம் வாங்கிய அத்தான் அவர்கள், இந்த வருஷம் வாங்கின வெடி பத்து மாதத்துக்கு மாதம் ஒன்றாக வெடிக்கும் எனத் தெரிவித்தார்." அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போல அங்கிட்டு" என்பாள். ஆனால் கண்ணாப்பை தட்டுகிற சத்தம் ஒரு சுதி இறங்கியிருக்கும்.

செய்திக்குப் பின்னால் வானிலை அறிக்கை வருமல்லவா? அங்கேதான் மாமாவின் ஆபீஸ் புத்தி வேலைசெய்தது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உண்டாகாத வருஷம் உண்டா? துறைமுகத்தில் கொடிக்கம்பத்தில் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கருப்பு உருளையும் கூம்பும், ராத்திரியில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். மொத்தம் பதினோரு எண். 1 என்றால் எங்கோ தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3 என்றால் துறைமுகத்தில் பலத்த காற்றடிக்கும், கவனம். 5-ம் 6-ம், துறைமுகத்தின் ஒரு பக்கமாகக் கடந்து போகிற புயல். 7, துறைமுகத்தின் தலைமேலேயே வருகிற புயல். 8, 9, 10 எல்லாம் பேராபத்து. இதையெல்லாம் மாமா தார்சா தரையில் சாக்கட்டியால் படம் போட்டு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் படித்த நதிகளும் மலைகளும் மறந்துபோய்விட்டன, இது மறக்கவில்லை.

பிறகு அவர் கொண்டுவந்த நார்ப்பெட்டியே கூண்டாயிற்று. அடுக்களை நிலையில் அரிக்கேன் விளக்கு மாட்டுகிற கொக்கி ஒன்று உண்டு. அதில் பெட்டியைத் தொங்கவிட்டு, என் சிலேட்டில் எண்ணை எழுதிப் பெட்டிக்கு அடியில் கட்டிவிடுவோம். அம்மா தனக்குத்தானே முணுமுணுத்தால் 1. பாத்திரச் சத்தம் கூடினால் 3. அப்பாவைத் திட்டுகிற சாக்கில் ஆச்சிக்கு ஒரு சொல் விழுந்தால் 5. நேரே எங்கள் பக்கம் திரும்பினால் 7. "தென்மேற்கு அடுக்களையில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகியுள்ளது. அடுத்த இருபத்துநாலு மணி நேரத்துக்கு மீனவர்கள் யாரும் அதிரசச் சட்டிக்குப் பக்கத்தில் போக வேண்டாம்" என்று மாமா அறிவிப்பார். மீனவர்கள் என்றால் நானும் தங்கச்சியும்.

முதல் தடவை அம்மா நிமிர்ந்து சிலேட்டைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நெற்றியில் மாவு, மூக்கு நுனியில் வியர்வை, கண்ணில் புகை. சிலேட்டில் 7. "இது ஏழாக்கும்?" என்றாள். "இன்னும் நான் நாலுக்கே வரலை. ஏழுன்னா என்னன்னு காட்டட்டுமால?" மாமா உடனே சிலேட்டை எச்சில் தொட்டு அழித்து 4 போட்டார். அம்மா சற்று யோசித்து, "மூணரை" என்றாள். துறைமுகத்தில் மூணரை கிடையாது என்று மாமா வாதாடினார். வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே முறுக்கு வெந்து மேலே வந்துவிட்டது.

ஆச்சிதான் எனக்கு ஆச்சரியம். 'மருமகளுக்குக் கோபம்' என்று யாராவது சொல்லியிருந்தால் அவளிடம் அதற்கு ஆயிரம் பதில் இருந்தது. மாமியார்க்காரி வீட்டிலிருந்து தொடங்கி நூறு முறுக்கு வரைக்கும் வரிசையாக வந்திருக்கும். கடலில் தாழ்வு மண்டலம் என்றால் யாரைப் போய் என்ன சொல்ல? குற்றம் சொல்ல ஆள் இல்லாத ஒரு செய்தி அது. தண்ணீர் குடிக்க அடுக்களைப் பக்கம் வருவாள், சிலேட்டை ஒரு பார்வை பார்ப்பாள், எண் பெரிசாக இருந்தால் பேசாமல் திரும்பிப்போய் வெற்றிலை இடிக்க ஆரம்பித்துவிடுவாள். எண் சிறிசாக இருந்தால் மட்டும், "உளுந்து நல்லா வறுபட்டுட்டா?" என்று ஒரு கேள்வி வரும்.

இந்த வேடிக்கைப் பேச்சு மாமாவுக்கு மட்டும் எப்படிச் செல்லுபடியானது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் வாய் செய்தி வாசிக்கும்போது கை தேங்காய் துருவிக்கொண்டிருக்கும். திருகுமணையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, சிரட்டையை ஒரு சுற்றுச் சுற்றினால் கருப்பு விழாமல் பூப்பூவாய்த் துருவல் விழும். முறுக்கு அச்சை அழுத்த அம்மாவுக்குக் கை வலித்தால் வாங்கி அழுத்துவார். அங்கணத்தில் அடைத்துக்கொண்ட தண்ணீரைக் குச்சி விட்டுக் குத்திவிடுவார். எங்கள் அப்பாவும் ஒரு வருஷம், மாமா வருவதற்கு முந்தி, சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, "என்ன, இன்னைக்குக் கூண்டு எத்தனை?" என்று கேட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து பித்தளைத் தாம்பாளம் ஒன்று தரையில் விழுந்து உருண்டு உருண்டு, ரொம்ப நேரம் உருண்டு, ஒருவழியாக ஓய்ந்தது. சிலேட்டு தேவைப்படவே இல்லை. தங்கச்சி என் காதில், "பத்து" என்றாள். சும்மா இருந்துகொண்டு சிரிக்கவைக்க வருகிறவரைப் பார்த்தால் வேலை செய்கிறவருக்கு எரிச்சல்தான் வரும். அப்பா நல்லவர், அன்றைக்குச் சாயங்காலமே தேங்காய் துருவ உட்கார்ந்தார், சிரட்டைக் கருப்போடு.

அத்தைக்குத் தலை தீபாவளி வந்த வருஷத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அப்பாவின் தங்கை. ஆவணியில் கல்யாணம், ஐப்பசியில் மாப்பிள்ளை வருகிறார். மாப்பிள்ளைக்கு மோதிரம், வேட்டி, சட்டை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஓலைப்பெட்டியில் முறுக்கும் அதிரசமும் வைத்து அனுப்ப வேண்டும். அதிரசம் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, என்றாலும் சொல்கிறேன். அரிசியை முழுக்கக் காயவிடக் கூடாது, கையில் பிடித்தால் ஈரம் தெரியணும், அப்போதே இடித்துச் சலித்துவிடணும். வெல்லப் பாகு ஒரு தட்டுத் தண்ணீரில் சொட்டு விட்டால் கரையாமல் நின்று, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வரணும். அதுதான் பதம். ஒரு நிமிஷம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். ஒரு நிமிஷம் பிந்தினால் பாகு முறுகி, உருட்டித் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்கும். அது பொரிவிளங்காய்க்கும் மனோகரத்துக்கும் உரிய பதம்.

அம்மா தட்டும் தண்ணீருமாகக் குந்தியிருந்தாள். வெளியே மழை. அடுப்பில் ஈர விறகு, ஊதுகுழலும் கையுமாகத் தங்கச்சி. அந்த நேரம் பார்த்து டெய்லர் வீட்டிலிருந்து ஒரு பையன் நனைந்துகொண்டே வந்து, ஜாக்கெட் நாளைக்குத்தான் ஆகுமாம் என்று சொல்லிவிட்டு, பதிலுக்காக நடையிலேயே நின்றான். அம்மா எழுந்து நடைவரைக்கும் போய்விட்டு வந்தாள். போகவர எவ்வளவு நேரம்? அதற்குள் நனைந்த விறகு திடீரென்று பற்றிக்கொண்டு எரிய ஆரம்பித்திருந்தது. வந்து சொட்டு விட்டாள், உருட்டினாள், தட்டில் போட்டாள்.

டங்.

யாரும் பேசவில்லை. அம்மா மாவை எடுத்துக் கொட்டினாள், அகப்பைக் காம்பால் கிண்டினாள், மூடி வைத்தாள். முகம் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தில் சத்தம் இல்லை. டம்ளரைப் பூப்போல வைத்தாள். அதுதான் பயமாக இருந்தது. அப்பா வந்து காப்பி கேட்டார், பதில் இல்லை. ஆச்சி வந்து, "பாகு…" என்று தொடங்கினாள், அம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா கடைக்குப் போனவர் திரும்பி வந்தார். நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அரங்கு வீட்டுக்குள் போய் நார்ப்பெட்டியை எடுத்துவந்து, சத்தமில்லாமல் கொக்கியில் மாட்டி, சிலேட்டில் எழுதினார்: 11.

எங்களுக்கு அதுவரை 11 என்றால் என்னவென்று அவர் சொல்லவில்லை. பத்தைவிடப் பெரிசு, அவ்வளவுதான் தெரியும். "என்ன மாமா அது?" என்று தங்கச்சி கிசுகிசுத்தாள். மாமா ரேடியோக் குரலில் இல்லாமல், சாதாரணமாக, ஆபீஸில் பேசுகிற குரலில் சொன்னார்: "வானிலை ஆபீஸோட தொடர்பு அத்துப்போச்சுன்னு அர்த்தம். கப்பல்காரனுக்குப் பத்தைக் காட்டிலும் இதுதான் கிலி. புயல் எங்க இருக்குன்னே தெரியாது, பாத்துக்கோ."

அம்மா மெல்லத் திரும்பினாள். சிலேட்டைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள்.

"ஏல. வறுத்த உளுந்தை அதுலதாம்ல போட்டு வச்சிருக்கேன். காலையில இருந்து தேடுதேன்."

மாமா அண்ணாந்து பார்த்தார். பெட்டி லேசாகச் சாய்ந்து, மூடி இடுக்கு வழியாக ஒரு உளுந்து, பின்னால் இன்னொன்று, சிலேட்டில் பட்டுத் தெறித்தது. முதலில் சிரித்தது ஆச்சி. பொக்கை வாயும் வெற்றிலைச் சிவப்புமாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். சிரித்ததா அழுததா என்று அப்போது சரியாகத் தெரியவில்லை. ரெண்டும்தான் என்று பிற்பாடு அவளே சொன்னாள். "தொடர்பு கிடைச்சிட்டு" என்று மாமா சிலேட்டை அழித்தார்.

அதிரசம் கல்லாகத்தான் வந்தது. அதை யாரும் மறைக்கவில்லை. இலையில் பரிமாறும்போது அம்மாவே, "அண்ணாச்சி, இது அதிரசம் இல்ல, நங்கூரம். உங்க மச்சினர் தூத்துக்குடியில இருந்து கப்பல்ல வரவழைச்சது. பல்லு பத்திரம்" என்றாள். மாமியார் வீட்டில் முதல் தீபாவளிக்கு விறைப்பாக உட்கார்ந்திருந்த புது மாமா, ஒன்றை எடுத்துத் தாம்பாளத்தில் தட்டிப் பார்த்தார். டங். "கப்பல் நிக்கும்" என்றார். அன்றைக்கே அவர் எங்கள் ஆளாகிவிட்டார். ஓலைப்பெட்டியில் அவர் வீட்டுக்கும் நங்கூரம்தான் போயிற்று. வளவில் எல்லா வீட்டுக்கும் அந்தப் பேரிலேயே கொடுத்தோம். இன்றைக்கும் அந்த வளவிலிருந்து வந்தவர்கள் யாரையாவது கல்யாண வீட்டில் பார்த்தால், "அம்மா இந்த வருஷம் நங்கூரம் சுட்டாளா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

அதற்கப்புறம் பேர் வைக்கிற வேலையை அம்மா கையில் எடுத்துக்கொண்டாள். ஆச்சியும் சளைக்கவில்லை. டெய்லருக்கென்றே ஒரு விடுகதை கட்டினாள்: "ஊராளுக உடம்பெல்லாம் அளப்பான், நாளை மட்டும் அளக்கத் தெரியாது, அவன் யாரு?" அந்த மனிதர் அடுத்த வருஷம் துணி கொண்டுவந்து கொடுத்தபோது நானும் தங்கச்சியும் நடையில் உருண்டு சிரித்தோம், பாவம், அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். வேலை ஒன்றும் குறையவில்லை. அதே ஒட்டடை, அதே பித்தளை, அதே பத்துத் தவணை. அம்மாவுக்கு இடுப்பு வலி வந்ததும் அந்த வருஷங்களில்தான். ஆனால் அடுக்களைக்குள் என்ன நடக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. எண் ஏறினால் யாராவது ஒருத்தர் எழுந்து போய் எதையாவது துருவினார்கள்.

மாமா ஓய்வு பெற்றுத் தூத்துக்குடியிலேயே இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். தீபாவளிக்கு முந்தின வாரம் போன் பண்ணினால், "கூண்டு எத்தனை?" என்றுதான் கேட்பார், நாங்கள் கத்திச் சொல்ல வேண்டும். தங்கச்சி வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் காந்த எண்கள் ஒட்டியிருக்கின்றன. அவள் பெண்கள் ரெண்டு பேரும் தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் 5-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியும்.

அதிரசம் இப்போது கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. வீட்டில் சுடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பாகு முறுகி அதிரசம் கல்லாகிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். இட்லிக் கொப்பரையில் வைத்துக் கொஞ்சம் ஆவி காட்டுங்கள், இளகிவிடும். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.